புல்லை முடிந்துவிட்டுப் போங்கள்

ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பி, எதையோ தேடிப் போய், பட்டுத் தெளிந்து திரும்பி வருகிற கதைகளை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும் என்று போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பண்ணைக்காட்டில் ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்து, சிலவற்றை இரண்டு தடவை படித்தேன். கீழ்ப்பழனி மலைப் பள்ளிகளில் 32 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை வேறு இல்லை. மற்ற விஷயங்கள் பற்றிய கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 41 பிள்ளைகள். பயணக் கதைகளை நடத்துவதற்கு ஒரு பயிற்சியில் 12 கட்டங்கள் போட்ட அட்டவணை கொடுத்தார்கள். அழைப்பு, மறுப்பு, வழிகாட்டி, சோதனை, பரிசு, திரும்புதல் என்று வரிசையாகப் போகும். எந்தக் கதையைக் கொடுத்தாலும் பிள்ளைகள் கட்டங்களை அழகாக நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் மறுநாள் கேட்டால் கதை ஒருவர் மனதிலும் நிற்கவில்லை. நான் எங்கே தவறுகிறேன்?
— தமிழாசிரியை, தாண்டிக்குடி

பதில்: டீச்சர், நீங்கள் தவறவில்லை. வரிசைதான் முன்பின்னாக மாறியிருக்கிறது.

அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ஜோசப் கேம்பல் என்ற அமெரிக்கர் உலகத்துப் புராணங்களையும் பழங்கதைகளையும் வருஷக்கணக்கில் படித்துவிட்டு, 1949இல் வந்த தன் நூலில், வீரர் கதைகளுக்குள் ஒரே ஓட்டம் ஓடுகிறது என்றார். கிளம்புதல், சோதனைப்படுதல், திரும்புதல் என்று மூன்றாகப் பகுத்து, அதற்குள் 17 படிகள் காட்டினார். பிற்பாடு ஹாலிவுட்டில் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் இருந்த கிறிஸ்டோபர் வோக்லர், அதைத் திரைக்கதை எழுதுபவர்களுக்காக 12 ஆகச் சுருக்கினார். உங்கள் கைக்கு வந்தது அதுதான். இவர்களுக்கெல்லாம் முன்னால், 1928இல், விளாதிமிர் பிராப் என்பவர் ரஷ்ய மாயக் கதைகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் 31 செயல்கள் வரிசை மாறாமல் வருகின்றன என்று கணக்குச் சொன்னார்.

மூன்று பேரும் கதையில் ஊறித் திளைத்த பிறகுதான் கட்டம் போட்டார்கள். நாம் கதையே கேட்டிராத பிள்ளையிடம் முதல் நாளே கட்டத்தை நீட்டுகிறோம். அட்டவணையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. கடைசிப் பாடவேளைக்கு எடுத்து வையுங்கள். அதற்குள் அவர்களிடம் நாலு கதை சேர்ந்திருக்கும். அப்போது அந்த அட்டவணை அவர்களுக்கே ஒரு கண்டுபிடிப்பாக இருக்கும்.

சரி, எதில் தொடங்குவது? வழியில் தொடங்குங்கள். வீரன் யார், அவன் குணங்கள் என்ன என்பதெல்லாம் பிறகு. எந்த வழி, அதை யார் சொன்னது, இதுதான் முதல் கேள்வி.

நம்மிடம் இதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது. ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். பசியோடு அலையும் ஒரு கூத்தர் கூட்டம். எதிரே இன்னொரு கூத்தன் வருகிறான். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் போய், பரிசு வாங்கித் திரும்பிக்கொண்டிருப்பவன். தன் பரிசோடு பேசாமல் ஊரைப் பார்த்துப் போயிருக்கலாம். நின்று வழி சொல்கிறான். அதுதான் பாட்டு முழுக்க. காட்டுப்பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு போங்கள் என்கிறான். பாறையில் பாசி படிந்து காலை வழுக்கும், பக்கத்திலிருக்கும் மூங்கிலையும் நாணலையும் பிடித்துக்கொண்டு போங்கள் என்கிறான். தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் போங்கள் என்கிறான். பழனி மலையில் பிறந்த பிள்ளைக்கு இதில் எதற்காவது உரை வேண்டுமா?

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1998ஆக இருக்கும். ஒன்பதாம் வகுப்பு. தினமும் இரண்டாவது பாடவேளைக்கு வந்து நிற்பான் ஒரு பையன். எஸ்டேட்டுக்குக் கீழே இருந்த குடியிருப்பிலிருந்து நடந்து வருபவன். நான் அவனை வெளியில் நிற்க வைப்பேன். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். மூன்று மாதம் இப்படியே போனது.

ஒருநாள், 'நீ பள்ளிக்கு வரும் வழியை, இதுவரை அந்த வழியில் வராத ஒருவனுக்கு வரைந்து காட்டு' என்று வகுப்புக்கு வேலை கொடுத்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவன் வரைந்து வந்தான். இன்றைக்கும் அந்தத் தாள் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஆரஞ்சுத் தோட்டத்து முள்வேலி. ஓடையில் மூன்று கல், நடுக்கல்லுக்குப் பக்கத்தில் 'ஆடும்' என்று எழுதியிருந்தான். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் ஆறு, எண்ணி வரைந்தது. அதற்கு மேலே வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பெரிய வட்டம். உள்ளே 'இங்க நிக்கணும்'.

"எதுக்குப்பா இங்க நிக்கணும்?"

"காட்டுமாடு சார். மூணு நாலு படுத்திருக்கும். வெயில் வந்தாத்தான் எந்திரிச்சுப் போகும்."

வட்டத்துக்குக் கீழே இரண்டு இலை வரைந்திருந்தான். அது என்ன என்று கேட்டேன். அவன் அண்ணன் விடிவதற்குள் வேலைக்குப் போகிறவர். மாடு மேல்வழியில் நின்றால், கீழ்வழியின் தொடக்கத்தில் தழை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார். தம்பி பார்த்துக் கீழ்வழியில் வருவான். இரண்டு வழியிலும் மாடு இருந்தால் தழை இருக்காது. அப்போது காத்திருக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு வகுப்பிலேயே, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று மாதம் அவனை வெளியே நிறுத்தியது இன்றும் என்னை உறுத்துகிறது.

பிறகு புத்தக அலமாரியிலிருந்து மலைபடுகடாத்தை எடுத்து ஓர் அடியைப் படித்தேன். ஊருக்குப் புதியவர்களே, வழி பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாக, 'சந்து நீவிப் புல் முடிந்து இடுமின்' என்று அந்தக் கூத்தன் சொல்கிறான். சந்தியைத் துடைத்துச் சீராக்கி, புல்லை முடிச்சுப் போட்டு வையுங்கள் என்று அர்த்தம். ஆறு வருஷமாக நான் நடத்திக்கொண்டிருந்த அடி அது. அன்றுதான் எனக்கே புரிந்தது.

முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், புல்லை முடிஞ்சு வச்சா மாடு மேஞ்சுடாதா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அவன் சொன்னான்: "அதுக்குத்தான் உண்ணித் தழை போடணும். அத மாடு கடிக்காது." அந்த வருஷத்தில் அவன் வகுப்பில் தானாக வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அதனால் டீச்சர், முதல் பாடவேளையில் அவர்கள் வழியை வரையச் சொல்லுங்கள். இரண்டாவதில் மலைபடுகடாத்தில் முப்பது நாற்பது அடி போதும், உரைநடையாக நீங்களே சொல்லுங்கள். அப்புறம் எந்தக் கதைக்குப் போனாலும் நான்கு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வழி சொன்னது யார்? வழி எங்கே பிரிந்தது? எங்கே உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது? திரும்பி வந்தபோது அடையாளம் கண்டது யார்?

மூன்றாவது கேள்வியைப் பிள்ளைகள் எதிர்பார்க்க மாட்டார்கள். அனுமன் கடலைத் தாண்டும்போது முதலில் எதிரே வருவது அரக்கி இல்லை. மைந்நாக மலை. இளைப்பாறிவிட்டுப் போ, விருந்துண்டு போ என்று அன்பாகக் கூப்பிடுகிறது. வந்த வேலை முடியாமல் இருக்க மாட்டேன் என்று அவன் விடைபெற்றுப் போகிறான். வழிமறிக்கும் சுரசையும் அங்காரதாரையும் அதற்குப் பிறகுதான். போர் முடிந்து கப்பலில் ஊர் திரும்பும் கிரேக்க வீரன் ஒடிசியஸின் ஆட்களில் சிலர் ஒரு கரையில் தாமரை தின்னும் மக்களிடம் போகிறார்கள். யாரும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. அந்தக் கனியைத் தின்றவர்களுக்கு ஊர் திரும்பும் நினைப்பே போய்விட்டது, அவ்வளவுதான். பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு, உன் வழியில் எது மைந்நாகம் என்று கேட்டுப் பாருங்கள். சொல்வார்கள். சில பதில்களை வகுப்பில் சத்தமாகப் படிக்காமல் உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கேள்வி: காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். என் மகள் எட்டாவது படிக்கிறாள். "எல்லாக் கதையிலும் பையன்தான் போறான், பொம்பளைப் பிள்ளை வீட்டுல காத்துக்கிட்டு இருக்கா" என்று கோபப்படுகிறாள். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.
— ஒரு தாய், பெரும்பாறை

பதில்: அம்மா, உங்கள் மகள் கோபப்படுவது சரிதான். கதைகளில் தப்பில்லை, நாங்கள் எடுத்துக் கொடுக்கும் கதைகளில்தான் தப்பு. தமிழில் நடந்துபோன பெண்களின் கதைகள் நிறைய இருக்கின்றன. இரண்டை அவளுக்கு நீங்களே சொல்லலாம்.

முதலில் கண்ணகி. கோவலனும் அவளும் புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கிறார்கள். அவர்களுக்கு வழித்துணை யார் தெரியுமா? கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி, ஒரு பெண். போகிற வழியில் மாங்காட்டு மறையவன் ஒருவன் எதிரே வந்து, கொடும்பாளூரில் வழி மூன்றாகப் பிரியும் என்று சொல்கிறான். வலப்பக்கத்து வழியில் போனால் வாழையும் கமுகும் மாவும் பலாவும் சூழ்ந்த சிறுமலை தெரியும், அதை வலமாகக் கொண்டு போங்கள் என்கிறான். அம்மா, மழை விட்ட ஒரு காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு கிழக்கே பாருங்கள். வத்தலக்குண்டு சமவெளிக்கு அந்தப் பக்கம் நீலமாக நிற்பது அதே சிறுமலைதான். இளங்கோவடிகள் சொன்ன வாழை இன்னும் அங்கே விளைகிறது. சிறுமலை வாழை புவிசார் குறியீடு பெற்ற பழம்.

இடப்பக்கத்து வழி அழகர்மலை வழியாகப் போகும். நடு வழியில் ஒரு கானுறை தெய்வம் வந்து மயக்கும், எச்சரிக்கையாக இருங்கள் என்றும் அவன் சொல்லி வைக்கிறான். அது போலவே, கோவலன் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் அந்தத் தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் வந்து அழுகிறது. முன்பே கேட்டிருந்த எச்சரிக்கை நினைவுக்கு வந்ததால் அவன் தப்பிக்கிறான். எச்சரிக்கை சொன்ன ஆள் அதற்கு வெகுநேரம் முன்பே தன் வழியில் போயிருந்தான்.

ஆனால் கண்ணகியின் உண்மையான பயணம் மதுரைக்கு வந்ததல்ல. மதுரையிலிருந்து போனதுதான். கிழக்கு வாசலில் கணவனோடு நுழைந்தேன், மேற்கு வாசலில் ஒன்றும் இல்லாமல் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். வைகைக் கரையைப் பிடித்து மேற்கே நடக்கிறாள், இரவு பகல் பாராமல். அப்படி நடந்தவளுக்கு வலப்பக்கம் எந்த மலை தெரிந்திருக்கும்? நம் மலைதான். கொடைக்கானலில் தெற்கே பார்க்கும் பாறை விளிம்பில் நின்றால், மேகம் இல்லாத நாளில் வைகை அணைத் தண்ணீர் மின்னுவது தெரியும். அந்தப் பக்கமாகத்தான் அவள் போனாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப் போய் இதைச் சொன்னேன். ஒரு பெண் பிள்ளை, "தனியாவா சார் போனாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு பஸ் ஏறும்வரை அவள் வேறெதுவும் பேசவில்லை.

இரண்டாவது மணிமேகலை. தூங்கிக்கொண்டிருந்தவளை மணிமேகலா தெய்வம் தூக்கிப் போய் மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது. தெரிந்த முகம் ஒன்று இல்லை. தேடித் தேடி அலைகிறாள். தன் முற்பிறப்பை அறிகிறாள். பிறகு, அங்கே காவல் இருக்கும் தீவதிலகை காட்டிய கோமுகிப் பொய்கையிலிருந்து, வைகாசிப் பௌர்ணமி அன்று, அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. உலகத்துப் பயணக் கதைகளில் வீரன் கையில் வாள் கிடைக்கும், புதையல் கிடைக்கும். நம் பெண் கையில் கிடைத்தது சோறு வற்றாத பாத்திரம். அதை வைத்துக்கொண்டு ஊர் திரும்பி, ஆதிரையிடம் முதல் பிச்சை வாங்கி, தீராப் பசியோடு அலைந்த காயசண்டிகைக்குப் போடுகிறாள். சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றச் செய்கிறாள்.

அந்தப் பாத்திரம் பொய்கைக்குள் எப்படி வந்தது என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். ஆபுத்திரன் அதை வைத்துப் பல வருஷம் ஊருக்கெல்லாம் சோறு போட்டவன். ஆளில்லாத தீவில் தனியே மாட்டிக்கொண்டபோது, யாருக்கும் பயன்படாமல் தான் மட்டும் தின்று பிழைப்பதில் அவனுக்கு மனமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மேலே வா, அருள் உள்ளவர் வந்தால் அவர் கைக்குப் போ என்று சொல்லி, பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விட்டான். பின்னால் வரப்போகிறவள் யார் என்று அவனுக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் பள்ளியில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பயணக் கதை என்றால் புராணக் கதைகள் வந்துவிடுகின்றன. பெற்றோர் வருத்தப்படுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
— தலைமையாசிரியர், கொடைக்கானல்

பதில்: ஐயா, உங்கள் தயக்கம் நியாயமானது. நான் கடைப்பிடித்த வழக்கம் இது: வகுப்பறையில் கதை உண்டு, கும்பிடச் சொல்வது கிடையாது. எந்தப் பிள்ளையின் வீட்டுக் கதைக்கும் வகுப்பில் இடம் உண்டு, சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. இஸ்ரவேலர் 40 வருஷம் பாலைவனத்தில் நடந்ததை ஒரு பிள்ளை சொல்லட்டும். 622இல் நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்தை இன்னொரு பிள்ளை சொல்லட்டும். அதிலிருந்துதான் ஹிஜ்ரி ஆண்டே எண்ணப்படுகிறது என்பது மற்றப் பிள்ளைகளுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

இடும்பன் கதையை நான் ஒரு வருஷமும் விட்டதில்லை. அது இந்த மண்ணின் கதை. அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளையும் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து வருகிறான். பழனியில் இளைப்பாற இறக்கி வைக்கிறான். மறுபடி தூக்க முடியவில்லை. மேலே ஒரு சிறுவன் நிற்கிறான். சண்டை, சாவு, மீண்டும் உயிர். சுமையைச் சொன்ன இடத்தில் சேர்க்க முடியாமல் போனவன்தான் காவடி எடுக்கும் எல்லோருக்கும் முன்னோடி, மலையின் காவலன். காப்பி மூட்டை சுமக்கிற அப்பா உள்ள பிள்ளைகள் எந்த மதமானாலும் இந்தக் கதையைக் கவனித்துக் கேட்பார்கள். அப்பாவின் தோள் காய்ப்பைப் பற்றி ஒரு பையன் அரைப் பக்கம் எழுதியிருந்தான். அவன் தேவாலயத்தில் பாடுகிற பிள்ளை.

கேள்வி: பள்ளியில் 'என் பயணம்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் எங்கும் போனதில்லை. பூண்டுக் காடு, பள்ளி, வீடு. சாகசம் எதுவும் நடக்காதவன் என்ன எழுதுவது, ஐயா?
— பத்தாம் வகுப்பு மாணவன், மன்னவனூர்

பதில்: தம்பி, அப்பா பூண்டு மூட்டையோடு வடுகபட்டிச் சந்தைக்குப் போவார் இல்லையா? உன்னை ஒருமுறையாவது கூட்டிப் போயிருப்பார். போகவில்லை என்றால் அடுத்த தடவை கேட்டுப் போ. மலைப்பூண்டைப் புகையில் காயவைத்து மூட்டை கட்டியதிலிருந்து தொடங்கு. கிளம்பும்போது வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? எத்தனை ரூபாய் கிடைத்தால் எந்தக் கடனை அடைப்பதாகத் திட்டம்? மலையை விட்டு இறங்க இறங்க எந்த இடத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினாய்? சந்தையில் முதலில் விலை கேட்டவர் என்ன சொன்னார், அப்போது அப்பாவின் முகம் எப்படி இருந்தது? திரும்பி வரும்போது பையில் என்ன இருந்தது? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற இந்த ராத்திரிப் பயணத்தை எழுத உன்னைப் போல் ஒருவனால்தான் முடியும். ஒரே ஒரு பயணத்தை எழுது. 'இவ்வாறாக' என்று முடிக்காதே.

கேள்வி: பதினோராம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஒடிசியஸ் கதையை நடத்த ஐந்து பாடவேளைதான் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது? எப்படி மதிப்பெண் போடுவது?
— ஆசிரியர், ஒட்டன்சத்திரம்

பதில்: ஒற்றைக்கண் அரக்கனிடம் தன் பெயர் 'யாருமில்லை' என்று சொல்லித் தப்பிக்கும் பகுதிக்கு இரண்டு பாடவேளை. அந்தத் தந்திரத்தோடு நிறுத்தாதீர்கள். கப்பல் ஏறிய பிறகு பெருமை அடக்க முடியாமல் தன் உண்மைப் பெயரைக் கத்திச் சொல்கிறான். அதனால்தான் அந்த அரக்கனின் தந்தையான கடல் தெய்வத்தின் கோபம் அவன் மேல் விழுகிறது. அங்கே ஒரு நல்ல விவாதம் வரும். மீதி மூன்றையும் வீடு திரும்புவதற்கு வையுங்கள். பத்து வருஷப் போர், பத்து வருஷப் பயணம். பிச்சைக்காரன் வேஷத்தில் வருகிறவனை மனிதர்கள் யாருக்கும் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. குப்பைமேட்டில் கிடக்கும் கிழநாய் ஆர்கோஸ் மட்டும் வாலை ஆட்டுகிறது, காதைத் தாழ்த்துகிறது, செத்துப்போகிறது. அவனால் வாய்விட்டு அழக்கூட முடியாது, அழுதால் வேஷம் கலைந்துவிடும். கண்ணீரை மறைத்துத் துடைத்துக்கொள்கிறான். இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

மதிப்பெண்ணுக்கு, 'தலைவனின் பண்புகள் ஐந்து எழுதுக' என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவன் கத்திச் சொன்ன அந்தப் பெயருக்கு என்ன விலை கொடுத்தான் என்று கேளுங்கள். கதையின் உள்ளேயிருந்து சான்று காட்டினால் முழு மதிப்பெண் கொடுங்கள், எழுத்துப்பிழை இருந்தாலும்.

கேள்வி: பேரனுக்குப் பதின்மூன்று வயது. எந்நேரமும் செல்போனில் விளையாட்டு. திட்டினால், "தாத்தா, இதுலயும் தேடிப் போறதுதான், புதையல்தான், நீங்க படிக்கச் சொல்ற கதையும் இதுவும் ஒண்ணுதான்" என்கிறான். ஒன்றுதானா?
— ஓய்வுபெற்ற நடத்துநர், பழனி

பதில்: அண்ணாச்சி, பேரன் கெட்டிக்காரன். பாதி சரியாகச் சொல்லியிருக்கிறான். திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஆள் எங்கிருந்து கிளம்பினான், யார் வழி சொன்னது, என்ன தேடுகிறான் என்று கேளுங்கள். கண்டக்டராக இருந்தவர் நீங்கள், வழி கேட்பதும் சொல்வதும் உங்களுக்குக் கைவந்த வேலை.

மீதிப் பாதிக்கு அவனிடம் கில்காமேஷ் கதையைச் சொல்லுங்கள். களிமண் பலகைகளில் எழுதி வைக்கப்பட்டது, உலகத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கதைகளில் ஒன்று. உருக் என்ற நகரத்து ராஜா கில்காமேஷ். அவன் உயிர் நண்பன் எங்கிடு செத்துப்போகிறான். விளையாட்டில் செத்தவன் அடுத்த நிமிஷம் எழுந்துவிடுவான். எங்கிடு எழவில்லை. சாவுக்கு மருந்து தேடிக் கில்காமேஷ் உலகத்தின் கடைசிவரை போகிறான். சாகாத கிழவர் உத்னபிஷ்டிமைப் பார்க்கிறான். இளமையைத் திருப்பித் தரும் ஒரு செடி கடலடியில் இருப்பதாக அவர் சொல்ல, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கி எடுத்து வருகிறான். திரும்பும் வழியில் ஒரு குளத்தில் குளிக்க இறங்குகிறான். பாம்பு வந்து செடியைத் தூக்கிக்கொண்டு, சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது.

ஒரு மழைநாளில், கரண்ட் இல்லாத வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் பதறிவிட்டார்கள். "அப்ப வெறுங்கையோடவா சார் வந்தான்?" என்றாள் ஒருத்தி. ஆமாம், வெறுங்கையோடுதான் வந்தான். கூடவே அந்தக் கிழவர் இருந்த கரையிலிருந்து வந்த ஓடக்காரன் இருந்தான். ஊர் வந்ததும் அவனிடம் கில்காமேஷ், மதில்மேல் ஏறி நடந்து பார், அடித்தளத்தைப் பார், செங்கல்லைப் பார் என்று தன் ஊரைக் காட்டுகிறான்.

பேரனிடம் இதைச் சொல்லிவிட்டு, அவன் விளையாட்டில் ஆள் வீடு திரும்புவானா, திரும்பினால் யாரிடம் எதைக் காட்டுவான் என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலை ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவன் வார்த்தையிலேயே போடுகிறேன்.